ஊசி இறங்கியது என்று சந்தோஷப்பட்டோம்

கார் எஞ்சின் சூடேறினால் எங்கட பக்கத்தில் மூன்று வைத்தியம் இருக்கு. ஒன்று, தண்ணி ஊத்துறது. இரண்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுறது. மூன்று, ஹெட்டைக் கழற்றுறது. மூன்றையும் இதே வரிசையில் ஒரே காருக்குச் செய்து பார்த்தவர்கள் நாங்கள். கடைசியில் பழுதாக இருந்தது ஒரு சுவிட்ச். ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றவைக்கிற, பெருவிரல் அளவுச் சுவிட்ச்.

எங்கட முட்டாள்தனத்தை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காரைதீவுச் சந்தியிலும் சம்மாந்துறை வழியிலும் போனட்டைத் திறந்துவைத்து, கையில் தண்ணிப் போத்தலோடு நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று தோன்றும்.

கார் எங்கள் நாலு பேரில் ஒருவருடைய அப்பாவுடையது. மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. இந்தியாவில் 1983 டிசம்பரில் ஓடத் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார். வீரமுனையில் அதைக் கார் என்று சொல்வதைவிட ஊர்ச் சொத்து என்று சொல்லலாம். பிள்ளை பெற, கிளினிக் போக, பொம்பிளை பார்க்க, பரீட்சைக்கு ஏற்றி இறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அது மூடிய கதவுதான். ஆகவே இருக்கிற பழைய கார் இன்னும் பத்து வருசம் ஓட வேண்டும். ஒரு எஞ்சினைக் கொல்வது இப்போது சின்ன விசயம் இல்லை.

முதலில் சூடேறியது காத்தான்குடியில். எங்களில் ஒருவருடைய அம்மாவை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் கூட்டிப்போகும் நாள். கல்முனை, கல்லாறு, களுவாஞ்சிகுடி வரைக்கும் ஊசி நடுவில் அசையாமல் நின்றது. நடுவில் பேரீச்சை மரங்கள் நிற்கிற காத்தான்குடிப் பிரதான வீதியில் வாகனங்கள் ஊர்ந்தபோது ஊசியும் ஊர்ந்தது, மேல்நோக்கி. கல்லடிப் பாலத்தில் காற்றுப் பட்டதும் இறங்கியது. அன்றைக்கே கார் எங்களுக்கு முழுக்கதையையும் சொல்லிவிட்டது. எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றுத் தண்ணியை ஊற்றினோம். இரண்டு கிழமை கழித்து மறுபடி சூடு. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். "இந்த வெக்கைக்கு தெர்மோஸ்டாட் என்னத்துக்கு? அது பனி கொட்டுற நாட்டுச் சாமான்" என்று பாஸ் சொன்னார். பத்து நிமிசத்தில் கழற்றினார். அடுத்த நாள் ஊசி அடியிலேயே கிடந்தது. எங்களுக்குச் சரியான சந்தோசம். குணமாகிவிட்டது என்று நினைத்தோம்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. எஞ்சினுக்குள் இருக்கிற தண்ணி ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வரும்வரை, பெரும்பாலும் 82 டிகிரி அல்லது 88 டிகிரி, அது மூடியிருக்கும். பிறகு திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடும். கதவையே பிடுங்கினால் தண்ணி எப்போதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றும். வெறும் ரோட்டில் ஓடும்போது எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வராது. வராத எஞ்சின் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும். ஒயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் உள்ளே தங்கிச் சகதியாகும், தேய்மானம் கூடும். 2022இல் கியூஆர் கோட்டாவில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் லீற்றர் கணக்குப் பார்த்தவர்கள், தெர்மோஸ்டாட் இல்லாமல் போகிற பெற்றோலைக் கணக்கில் எடுப்பதில்லை. சில எஞ்சின்களில் இன்னொரு கூத்தும் உண்டு. கதவு இல்லாவிட்டால் சுடுதண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியால் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும்.

"தெர்மோஸ்டாட் இல்லாமலே இருபது வருசம் ஓடினேன்" என்று சொல்கிற மாமாமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓடியிருக்கும். பொய்யில்லை. தெர்மோஸ்டாட் இறுகி மூடிக்கொண்டால் நடு ரோட்டில் அதைக் கழற்றி வீடு வந்து சேர்வதும் புத்திசாலித்தனம்தான். வந்து சேர்ந்த பிறகு புதிதைப் போடாமல் விடுவதுதான் பிழை. எங்கட காரில் நடந்த பிழை இன்னும் மோசமானது. தெர்மோஸ்டாட் பழுதே இல்லை. அதைக் கழற்றியதால் உண்மையான பழுது மறைந்துகொண்டது.

மறுகா வந்தது பதினெட்டு வளைவு.

தங்கச்சி ஒருத்தி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தாள். பெட்டி, மெத்தை, அரிசி மா, தேங்காய், அவளோடு நாங்கள் மூன்று பேர். அம்பாறை, உகனை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து கண்டி வீதி மலை ஏறத் தொடங்குகிறது. முதலாம் கியர், இரண்டாம் கியர். எஞ்சின் கத்துது, கார் நடக்குது. ஊசி நடுவைத் தாண்டிச் சிவப்புக்குக் கிட்டப் போனது. நிறுத்துவோமா என்று யோசிக்கும்போதே ஊசி மெல்லக் கீழே இறங்கியது. காரை நிறுத்தவும் இல்லை, தண்ணி ஊற்றவும் இல்லை, தானாக இறங்கியது. பின் சீட்டில் கைதட்டினார்கள்.

அந்த ஊசி தண்ணியின் சூட்டைத்தான் காட்டும். அதன் சென்சர் தண்ணிக்குள் முங்கியிருந்தால்தான் சரியாக அளக்க முடியும். தண்ணி கொதித்து மூடி வழியாக வெளியே போய்விட்டால் சென்சரைச் சுற்றி இருப்பது காற்றும் ஆவியும்தான். அப்போது ஊசி விழுந்துவிடும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும், டாஷ்போர்ட் எல்லாம் சுகம் என்று சொல்லும். எங்கட ஊரில் டெங்கு பார்த்த எல்லா அம்மாமாருக்கும் இது விளங்கும். காய்ச்சல் விட்டுப்போன நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். அன்றைக்கு அந்த அம்மாமார் யாராவது காரில் இருந்திருக்கலாம்.

பத்து நிமிசத்துக்குள் இழுவை போனது. கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வெள்ளைப் புகை. அந்த நேரத்திலும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை போனது எங்களில் ஒருவருக்கு. நல்ல காலம், பின்னால் வந்த லொறிக்காரர் கத்தித் தடுத்தார். அந்த மூடி தண்ணியை அமுக்கி வைத்திருக்கிறது. 0.9 பார் மூடி என்றால் வெறும் தண்ணிகூட 118 டிகிரிக்குக் கிட்டத்தான் கொதிக்கும். திறந்த கணமே அமுக்கம் போய், உள்ளே மிச்சமிருக்கிற தண்ணி பாய்ந்து ஆவியாக முகத்துக்கு வரும். எஞ்சினை நிறுத்தி, முக்கால் மணித்தியாலமாவது விட்டு, மேல் ஹோஸைக் கையால் பிடிக்கக்கூடியதான பிறகே தொட வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் குளிர்தண்ணி ஊற்றுவதும் அதே அளவு ஆபத்து. அலுமினிய ஹெட் வெடிக்கலாம், வளையலாம்.

தங்கச்சி மெத்தையைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் பேராதனை போனாள். கார் லொறியில் ஏறி ஊருக்கு வந்தது.

ஹெட் வளைந்திருந்தது. ஒரு நேர்க்கோலை ஹெட்டின் மேல் வைத்து, இடைவெளியில் மெல்லிய தகடு போகுதா என்று பார்த்தார்கள். சுசூக்கியின் இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களுக்கு அனுமதி 0.05 மில்லிமீற்றர். தலைமுடி ஒன்றின் தடிப்பிலும் குறைவு. லேத்தில் கொடுத்துச் சீவி, புது கெஸ்கட் போட்டு, போல்ட்டுகளை வரிசைப்படி இறுக்கி, கணிசமான காசு கொடுத்து எடுத்தோம். அடுத்த கிளினிக் நாள் வந்தது. காத்தான்குடியில் ஊசி மறுபடி ஏறியது.

அதற்குப் பிறகுதான் சம்மாந்துறையில் ஒரு காக்காவிடம் போனோம். வயசானவர். கராஜ் என்று சொல்ல ஒரு கொட்டில், ஒரு வேப்பமரம். காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் போனட்டைத் திறப்பார் என்று பார்த்தோம். அவர் கதிரையைப் போட்டு எங்களை இருக்கச் சொன்னார்.

"எப்ப சூடாகுது தம்பி? நிண்டா சூடாகுதா, ஓடினா சூடாகுதா?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் எங்களிடம் கேட்டதில்லை. காத்தான்குடி, கல்லடிப் பாலம், பதினெட்டு வளைவு எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணி எவ்வளவு குறையுது? காலையில் எடுத்த உடனே சூடாகுதா, அரை மணித்தியாலம் போய்ச் சூடாகுதா? ஏசி போட்டால் கூடுதா? காருக்குக் கீழே நிலம் நனையுதா? அரை மணித்தியாலம் இப்படியே போனது. உண்மையைச் சொன்னால் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல். வேலையைத் தொடங்காமல் கதை கேட்கிறாரே என்று.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருந்த கணக்கைப் பிறகு அவரே விளக்கினார். ஓடும்போது காற்றை ரோடு தருகிறது, நிற்கும்போது ஃபேன் தர வேண்டும். ஆகவே நின்றால், ஊர்ந்தால் மட்டும் சூடாகிற கார் காற்றுக்குத் தவிக்கிற கார். முதலில் ஃபேனைப் பார். வேகமாக நீண்ட நேரம் ஓடும்போது சூடானால் காற்று இருக்குது, தண்ணி ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வோட்டர் பம்பின் இலைகள் அரித்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சுபட்டு ஒட்டிக்கொள்ளலாம். எடுத்த கொஞ்ச நேரத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகியிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின உடனேயே ஹோஸ் கல்லுமாதிரி இறுகினால், மூடி திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், ஒயில் மூடிக்குள் பால்தேத்தண்ணி நிறத்தில் படிந்திருந்தால், கெஸ்கட் பக்கம் சந்தேகப்படு. தண்ணி குறைந்துகொண்டே போய் எங்கேயும் ஒழுகாவிட்டாலும் அதே சந்தேகம்தான். ஆனால் அதற்கு முன் மூடியைப் பார். ரப்பர் வெடித்த பழைய மூடியால் ஹெட்டைக் கழற்றிய ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கட கார் நின்றால் சூடாகிற கார். வளைவில் ஏறியதும் முதலாம் கியரில், நின்றதற்குச் சமம். அவர் எஞ்சினை ஓடவிட்டார். ஊசி நடுவைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை. சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று சேர்த்தார். ஃபேன் சுற்றியது. மோட்டார் நல்லது, பியூஸ் நல்லது, சுவிட்ச் செத்துவிட்டது. அவ்வளவுதான். இரண்டு நிமிசம்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து, இடுக்குகளில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினார். பதரும் வைக்கோல் தூசியும் கொட்டியது. எங்கட ஊர்ச் சூடு எங்கட ஊர்க் காரணத்தாலும் வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன் பக்கத்தால் தினமும் ஓடுகிறோம். பறக்கிறதை எல்லாம் ரேடியேட்டர் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான தண்ணியால் கழுவ வேண்டும். சேர்விஸ் ஸ்டேஷனில் பெரிய வேகத்தில் அடித்தால் அலுமினிய இதழ்கள் மடிந்து, அடைப்பு இன்னும் கூடும்.

தண்ணியைத் திறந்து விட்டபோது தேத்தண்ணி நிறத்தில் துருவோடு வந்தது. கிணற்றுத் தண்ணி கொதிக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒரு படை கட்டுமே, அதுதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் கட்டும். கேத்தலையாவது கழுவலாம். கூலன்ட் பனி நாட்டுக்கு என்பதும் அரைகுறைக் கதை. உறையாமல் பார்ப்பது அதன் ஒரு வேலை. எங்களுக்கு வேண்டியது மற்ற இரண்டு வேலை: உலோகம் அரிக்காமல் பார்ப்பது, கொதிநிலையை உயர்த்துவது. போத்தலில் கலக்காமல் வருவதென்றால் சம அளவு பற்றரித் தண்ணியோடு கலக்க வேண்டும். கலந்து வருவதென்றால் அப்படியே ஊற்ற வேண்டும். பச்சையையும் சிவப்பையும் நிறம் பார்த்துக் கலக்கிற விளையாட்டு வேண்டாம், லேபிளை வாசியுங்கள். ஊற்றும்போது மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் மறுபடி முதலில் இருந்து.

புது தெர்மோஸ்டாட்டை வாங்கிக் கொண்டுபோனோம். "வீட்டில அவிச்சுப் பாருங்க" என்றார். நூலில் கட்டிச் சட்டித் தண்ணிக்குள் தொங்கவிட்டு, வெப்பமானியை வைத்து, அடுப்பில் ஏற்றினோம். 82 என்று அதில் பொறித்திருந்தது. 80 தாண்டியதும் மெல்ல வாய் திறக்கத் தொடங்கியது. நாலு பேரும் சட்டியைச் சுற்றி நின்று பார்த்த அந்தக் காட்சியைப் பார்த்து அம்மா ஏசினது தனிக்கதை. அந்தச் சட்டி இப்போது எங்களுக்கே.

இனி எங்கட வாதத்துக்கு வருவோம். முதல் கராஜ் பாஸைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார், காசு வாங்கினார், நாங்களும் கொடுத்தோம். அவர் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டு, ஃபேன் சுவிட்சைப் பிடித்து, இதற்கு இவ்வளவு என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? "ரெண்டு வயரைச் சேர்த்துப் பார்த்ததுக்கா இவ்வளவு?" என்று சந்தியில் நின்று கதைத்திருப்போம். சாமானுக்குக் காசு கொடுக்கிறோம். கை கறுத்தால் காசு கொடுக்கிறோம். யோசித்ததற்குக் கொடுப்பதில்லை. டொக்டர் நாடி பார்த்து, நாலு கேள்வி கேட்டு, ஒரு துண்டில் எழுதித் தந்தால் பேசாமல் பீஸ் கொடுக்கிற நாங்கள்தான் இதைச் செய்கிறோம். பிறகு எந்த பாஸ் யோசிப்பார்? கழற்றினால்தான் சம்பளம் என்றால் கழற்றத்தான் செய்வார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பாஸ்மாருக்குக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும் என்றால், எங்களுக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். "ஹீட் ஆகுது பாஸ்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஃபோன் பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது மூன்று வைத்தியம்தான். எங்கே, எத்தனை நிமிசத்தில், எந்தக் கியரில், ஏசி போட்டா போடாமலா, எவ்வளவு தண்ணி குறைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பதற்கு மெக்கானிக் படிப்புத் தேவையில்லை. இப்போதைய ஜப்பான் சின்னக் கார்கள் பலவற்றில் ஊசியே இல்லை. குளிருக்கு ஒரு நீல விளக்கு, கொதித்தால் ஒரு சிவப்பு விளக்கு. சிவப்பு எரியும்போது கதை பாதி முடிந்திருக்கும். அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரிசர்வ் போத்தலின் கோட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்தக் காக்காவிடம் சான்றிதழ் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் கராஜ் கூட்ட வந்தவர். அவருடைய அந்த அரை மணித்தியாலக் கேள்விகளை ஒரு பெடியன் பக்கத்தில் இருந்து பழகாவிட்டால் அவரோடு போய்விடும். இங்கே தேசியத் தொழிற்தகைமை 1 தொடக்கம் 7 வரை படிகளாக இருக்கிறது. வேலை செய்தே பழகியவர்களின் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் அதில் இருக்கிறது. சொன்னோம். "எனக்கு என்னத்துக்கு மனே, இவனுக்குப் பாருங்க" என்று தன்னோடு நிற்கிற பெடியனைக் காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசி நாள் கூலி கேட்டபோது சுவிட்ச் மாற்றியதற்கும் ரேடியேட்டர் கழுவியதற்கும் மட்டும் சொன்னார். சில நூறு ரூபாய். பழுதைக் கண்டுபிடித்ததற்கு எவ்வளவு என்று கேட்டோம். விளங்காத மாதிரிப் பார்த்தார். பில் புத்தகத்தை வாங்கி, நாங்களே இன்னொரு வரி எழுதினோம்: "கதை கேட்ட கூலி." எதிரே தொகையை அவரையே போடச் சொன்னோம். பேனாவைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிப் பெடியனைக் கூப்பிட்டார்.

நாங்கள் தொகையைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தோம். அடுத்த கிழமை கிளினிக். காத்தான்குடியில் ஊசி நடுவைத் தொட்டதும் முன்னால் ஃபேன் உறுமத் தொடங்கியது. அம்மா பயந்து, அது என்ன சத்தம் என்று கேட்டார்.